கடைசிப் படத்தை எடுத்தது யார்?

பல் டாக்டரின் பெரிய நாற்காலியில் நான் சாய்ந்திருந்தது பல்வலிக்காக இல்லை. அந்த அறையில் உட்கார வேறு இடம் இல்லை, அவ்வளவுதான். இருந்த ஒரே ஸ்டூலை அக்கா பிடித்துக்கொண்டார். டாக்டர் நின்றபடியே பேசினார். பேச்சு அக்காவிடம், பார்வை என் வாயில். தொழில் புத்தி எங்கே போகும்.

"ஒரு சின்னப் பொண்ணு, மேடம். இப்ப பெரிய பொம்பளையா இருப்பா. எங்க இருக்கான்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை, டாக்டர்," என்றேன்.

"உங்களுக்குக் கடைவாய்ப் பல்லு ஒண்ணு சொத்தை. அதையும் பாத்துடலாம்."

அதோடு வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது அபூர்வம். அக்கா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் பொய் விபத்துகளைத் தோண்டி எடுத்தவர். அலுத்துப்போய் வெளியே வந்து, மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை பிடித்து, துப்பறியும் ஆபீஸ் போட்டார். அவர் கண்ணாடியின் கனத்தைப் பார்த்து எதிரில் இருப்பதே தெரியாது என்று நினைத்தவர்கள் பலர் இப்போது உள்ளே இருக்கிறார்கள். நான் அவருக்கு உதவியாளன். வண்டி ஓட்டுவேன், டீ வாங்குவேன், பேசுவேன். மூன்றாவது வேலையில் எனக்கு இருக்கும் உழைப்பைப் பார்த்து அக்கா எனக்கு வைத்த பெயர் ரேடியோ.

டாக்டரின் விஷயம் இது. எக்ஸ்ரே எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் வந்துவிடுவதால், கிளினிக்கில் படம் கழுவுகிற இருட்டறை சும்மா கிடந்தது. அதைப் பாழாக்க மனசு வராமல் ஒரு பொழுதுபோக்கைப் பிடித்துக்கொண்டார். பழைய சாமான் வியாபாரிகளிடம் பழைய கேமராக்களை வாங்குவார். சிலதற்குள் யாரோ எப்போதோ எடுத்துக் கழுவாமலே விட்ட ஃபிலிம் இருக்கும். அதைக் கழுவி, வந்த படங்களை இன்டர்நெட்டில் தன் பக்கத்தில் போடுவார். இரண்டு லட்சம் பேர் காத்திருந்து பார்க்கிறார்கள்.

அப்படி ஒரு கேமராவிலிருந்து வந்தவள்தான் இந்தப் பெண். ஏழு வயசு இருக்கும். முன்பல் இரண்டும் விழுந்து, அந்த ஓட்டையை ஊருக்கே காட்டிச் சிரிக்கிறாள். ஒரு படத்தில் வாளிக்குள் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றில் பெரியவர்களின் செருப்பைப் போட்டு நடக்கிறாள். இன்னொன்றில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு யாரையோ அதட்டுகிறாள். 'ஓட்டைப்பல் பாப்பா' என்று பெயர் வைத்து ஜனங்கள் பரப்பிவிட்டார்கள். 'சம்பளம் வந்த அன்று நான்' என்று ஒருவன் எழுதி அனுப்ப, 'சம்பளம் தீர்ந்த அன்று நான்' என்று இன்னொருவன் எழுத, அந்த முகம் இல்லாத போனே ஊரில் இல்லை.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்றார் அக்கா.

"யாரைக் கேக்கறது மேடம்? யாருன்னே தெரியாதே. தெரிஞ்சுக்கத்தானே போட்டேன்."

"கேக்க ஆள் இல்லாட்டி, சரின்னு சொன்ன மாதிரி ஆயிடுமா?"

டாக்டருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் மனுஷர் கெட்டவர் இல்லை. "போன வருஷம் ஒரு கல்யாண ஃபிலிம் கழுவினேன். அந்தப் பொண்ணோட தங்கச்சி எங்கிருந்தோ போன் பண்ணி அரை மணி நேரம் அழுதாங்க. அக்காவோட கல்யாணத்துல எடுத்த ஒரு படம்கூட அவங்ககிட்ட இல்லையாம். நான் போடலைன்னா அது பெட்டிக்குள்ளயே செத்துப் போயிருக்கும்."

அதுவும் நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. யார் பேசினாலும் அந்த நேரத்துக்கு அவர் பக்கம் சாய்ந்துவிடுவது என் பழக்கம். அதனால்தான் நான் உதவியாளனாகவே இருக்கிறேன்.

"சரி, ஞாயித்துக்கிழமை என்ன?"

"இந்த ரோல்ல கடைசிப் படத்தை மட்டும் இன்னும் போடல. ஞாயித்துக்கிழமை நேரலையில காட்டறேன்னு சொல்லியிருக்கேன். அந்தப் பொண்ணு என் பக்கத்துல உக்காந்திருந்தா எப்படி இருக்கும், நினைச்சுப் பாருங்க." ஒரு கவரை எடுத்து நீட்டினார். "போன்ல அனுப்பினா வெளிய போயிடும். அதான் பிரிண்ட் போட்டு வெச்சிருக்கேன். பத்திரம்."

படத்தில் கொடி நிறைய வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காய்ந்தன. ஒரு விரிப்புக்குப் பின்னாலிருந்து ஓர் இளம் பெண் பாதி வெளியே வந்திருந்தாள். வலது பக்கம் முழுக்கத் துணி மறைத்திருந்தது. இடது கை கேமராவை நோக்கி நீண்டிருந்தது. வாய் நன்றாகத் திறந்திருந்தது.

"சாப்பிடக் கூப்பிடறாங்க," என்றேன்.

"சிரிக்கிறாங்கன்னு நினைக்கிறேன்," என்றார் டாக்டர்.

அக்கா வெகுநேரம் பார்த்தார். "ம்," என்றார். அவர் 'ம்' சொன்னால் நல்ல செய்தி இல்லை.

பிறகு ஃபிலிமையே பார்க்க வேண்டும் என்றார். எக்ஸ்ரே பார்க்கிற விளக்குப் பலகையில் டாக்டர் அதை மாட்டினார். அக்கா தலையை ஒரு பக்கம் சாய்த்தார், மறு பக்கம் சாய்த்தார். கழுத்து சுளுக்கிக்கொண்டதோ என்று நான் பயந்தேன்.

"ஓரத்துல நம்பர் நேரா இருக்கு. படம் தலைகீழா இருக்கு."

"ஆமா மேடம். எல்லாப் படமும் அப்படித்தான். கேமராவுல ஏதோ கோளாறு."

"வேற ரோல் போட்டு எடுத்துப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அது நேராத்தான் வந்துச்சு."

"அப்ப கேமரா நல்லா இருக்கு. ரேடியோ, அந்தக் கேமராவை எடு. வலது கையைப் பின்னால கட்டிக்க. இடது கையால மட்டும் என்னை ஒரு படம் எடு."

விளையாட்டு என்று நினைத்தேன். இடது கையால் தூக்கினேன். அமுக்குகிற பொத்தானோ வலது ஓரத்தில், மேலே இருந்தது. விரலை நீட்டினேன், மடக்கினேன், கையைக் கேமராவின் தலைக்கு மேல் சுற்றினேன். ஒன்றும் எட்டவில்லை. இரண்டு முறை கீழே போடப் பார்த்தேன். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"திருப்பிப் பிடி," என்றார் அக்கா.

கேமராவைத் தலைகீழாகத் திருப்பினேன். பொத்தான் சாதுவாக என் இடது கட்டைவிரலுக்குக் கீழே வந்து உட்கார்ந்தது.

"ஃபிலிம் தலைகீழா இல்ல டாக்டர். கேமரா தலைகீழா இருந்துருக்கு. எடுத்த ஆளுக்கு வலது கை கிடையாது. இருந்தாலும் உதவாத கை."

டாக்டர் வாயைத் திறந்தார். பல் டாக்டருக்கே இவ்வளவு சொத்தையா என்று பார்த்துக்கொண்டேன்.

"எல்லாப் படமும் தலைகீழ். கடைசிப் படமும் தலைகீழ். எல்லாத்தையும் ஒரே ஆள்தான் எடுத்துருக்கணும்," என்றார் அக்கா. "பொண்ணோட அப்பாவா இருக்கலாம். துணிக்குப் பின்னால நிக்கறது அம்மா. நாம அந்தப் பொண்ணைத் தேட வேண்டாம். ஏழு வயசு முகத்தை வெச்சு இப்ப யாரைக் கண்டுபிடிக்கிறது. ஒத்தைக் கை ஆளைத் தேடுவோம்."

இந்தக் கணக்கில் ஒரு தப்பு இருந்தது. அது அப்போது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

"கேமராவைத் தனியா வாங்கினீங்களா?"

"இல்ல, ஒரு பெட்டியோட. வியாபாரி பிரிச்சுத் தர மாட்டேன்னுட்டான்." பெட்டி மேஜைக்கு அடியிலேயே இருந்தது. அக்கா கொட்டினார். ஃபிளாஸ்க் நாலைந்து, கைத்தடிகள், மூக்குக் கண்ணாடிகள், ஒற்றைச் செருப்பு, குழந்தையின் கம்பளிக் குல்லா, டப்பாவில் ஒரு செட் பொய்ப்பல்.

"பஸ்ல மறந்துட்டுப் போன சாமானா இருக்கும்," என்றேன்.

"பஸ்ல எவன்டா பல்லைக் கழட்டி வைப்பான்?"

எனக்கும் டாக்டருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஃபிளாஸ்க், கைத்தடி, கழற்றி வைத்த பல். ஆஸ்பத்திரி.

* * *

ஊரில் பழைய பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுதான். வாசலுக்கு நேரே விசாரணை ஜன்னல். அதற்கு முன்னால் ஒரு வரிசை. உள்ளே ஐம்பது தாண்டிய ஓர் அம்மா, தோளிலிருந்து மடிவரை சால்வையைப் போர்த்தியபடி, தலையை நிமிர்த்தாமலே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "ரெண்டாவது மாடி, லிஃப்ட்டுக்கு இடது பக்கம்." "ரத்தம் கொடுக்கவா, எடுக்கவா? கொடுக்கன்னா பின்கட்டு." ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரி குரல். கோபமும் இல்லை, கனிவும் இல்லை, தெளிவு மட்டும்.

எங்கள் முறை வந்ததும் போனை ஜன்னலுக்குள் நீட்டினேன். "அம்மா, இந்தப் பாப்பாவைத் தெரியுமா? ரொம்ப வருஷம் முந்தி. அவங்க அப்பாவுக்கு ஒரு கை இருக்காது."

"தெரியாது."

"நல்லா யோசிச்சு..."

"தெரியாதுங்க. அடுத்தவங்க வாங்க."

அக்கா குனிந்தார். "இங்க மறந்துட்டுப் போற சாமான் எல்லாம் எங்க போகும்?"

அந்த அம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். கையை நீட்டி நடையின் கடைசியைக் காட்டினார். "ஸ்டோர்." பிறகு பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார்.

ஸ்டோரில் இருந்தவர் வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருக்கும். எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்ட பெருமை முகத்தில் வழிந்தது. மறந்துபோன சாமான்கள் முதலில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உள்ள அலமாரிக்குப் போகுமாம். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டைச் சீட்டு கட்டி, யாருடையது என்று தெரிந்தால் பெயர் எழுதி, ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது அந்த அம்மாவின் வேலை.

"அந்த விஷயத்துல அவங்க கில்லாடி. மூக்குக் கண்ணாடியோட பவரை வெச்சே ஆளைப் பிடிச்சுருக்காங்க. ஆனா அலமாரி வழிஞ்சு போச்சு. கண் ஆபரேஷனுக்கு லீவுல போனாங்க. அப்பதான் நான் உள்ள பூந்தேன். சீட்டுல பேர் இல்லாத சாமான் எல்லாம் கேக்க ஆள் இல்லாத சாமான். சட்டமே அப்படித்தான். மொத்தமா வித்துட்டேன்."

"அதுல ஒரு கேமரா இருந்துச்சா?"

"கீழ்த்தட்டுல, மூலையில இருந்துச்சு. துணியில சுத்தி, சீட்டு கட்டி. சீட்டுல ஒண்ணும் எழுதல. பழுத்துப்போன சீட்டு."

"அவங்க திரும்பி வந்து என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அலமாரியைத் திறந்தாங்க. கீழ்த்தட்டுல இருந்ததெல்லாம் எங்கேன்னு கேட்டாங்க. சொன்னேன். கீழ உக்காந்துட்டாங்க. கொஞ்சம் தண்ணி கேட்டாங்க. குடிச்சுட்டு எழுந்து ஜன்னலுக்குப் போயிட்டாங்க." அவர் கொஞ்சம் யோசித்தார். "பாராட்டுவாங்கன்னு நினைச்சேன்."

வெளியே வந்ததும் நடையில் கிடந்த பெஞ்சில் அக்கா உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வியர்த்திருந்தது.

"ரேடியோ, நீ போனை நீட்டினப்ப அவங்க என்ன பண்ணாங்க?"

"தெரியாதுன்னாங்க."

"பாத்துட்டா?"

நினைத்துப் பார்த்தேன். அந்த அம்மா போன் பக்கமே திரும்பவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்தப் படத்தைப் பாத்து சிரிக்காத ஆள் இந்த ஊர்ல இல்ல. பாக்காமலே தெரியாதுன்னு சொன்னது இவங்க ஒருத்தர்தான். இன்னொண்ணு. வழி காட்டறதுக்கு எதுக்குப் பேனாவைக் கீழ வைக்கணும்? இன்னொரு கை எதுக்கு இருக்கு?"

சால்வை ஞாபகம் வந்தது.

அக்கா கவரிலிருந்து கடைசிப் படத்தை எடுத்து, கண்ணுக்கு மிக அருகில் பிடித்தார். "அதே நெத்தி. அதே மூக்கு. நான்தான்டா முட்டாள். ரெண்டு பேரைத் தேடிட்டு இருந்தேன். ஒரே ஆள்தான். துணி மறைச்சிருக்கிற பக்கம்தான் அந்தக் கை."

"அது எப்படிக்கா? அவங்க படத்துக்குள்ள இருக்காங்க. அப்ப இதை எடுத்தது யாரு? இதுவும் தலைகீழாத்தானே இருக்கு? இன்னொரு ஒத்தைக் கை ஆளா?"

அக்கா படத்தைக் கவருக்குள் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் உடனே போட்டுக்கொள்ளவில்லை.

* * *

ஜன்னல் மூடுகிற நேரம் வரை பெஞ்சிலேயே காத்திருந்தோம். வரிசை கரைந்தது. அந்த அம்மா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மீதிப் பாதியின் வழியே எங்களைப் பார்த்தார்.

"இன்னும் போகலையா நீங்க."

"நாங்க படம் போடற ஆளுங்க இல்லம்மா," என்றார் அக்கா. "உங்க சாமான் எங்க இருக்குன்னு தெரியும். அதைச் சொல்லத்தான் உக்காந்திருக்கோம்."

உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சின்ன அறை. ஒரு மேஜை, அந்த அலமாரி, நூல்கண்டு, அட்டைச் சீட்டுக் கட்டு. சால்வையை அவர் மறைக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை.

"அப்ப நான் இங்கயே துணி வெளுக்கிற பிரிவுல வேலை பாத்தேன். விரிப்பை இஸ்திரி போடற உருளை மிஷின் கையை இழுத்துக்குச்சு. அப்புறம்தான் இந்த ஜன்னல் வேலை கொடுத்தாங்க. அவ அப்பா அதுக்கு முன்னாலயே எங்களை விட்டுப் போயாச்சு. நானும் அவளும்தான். இந்தக் கேமராவும்." அவர் சொல்லச் சொல்ல, ஜன்னலில் கேட்ட அதே குரல்தான் வந்தது. ரெண்டாவது மாடி, இடது பக்கம் என்று சொல்கிற குரல். "ஒரு ஞாயித்துக்கிழமை துணி காயப்போட்டுட்டு இருந்தேன். அவ கேமராவை எடுத்துட்டா. ரோல்ல கடைசிப் படம் மிச்சம் இருந்துச்சு. ஸ்கூல் விழாவுல அவ ஆடறா, அதை எடுக்கணும்னு வெச்சிருந்தேன். கிளிக்னு சத்தம் கேட்டுச்சு. கத்திட்டே ஓடி வந்தேன். கழுதை, வை கீழ, பாழாக்கிட்டியே... இன்னும் என்னென்னவோ. அன்னிக்கு முழுக்கப் பேசல அவகூட."

மேஜைமேல் இருந்த நூல்கண்டை அவர் உருட்டினார்.

"மறுநாள் காய்ச்சல். அந்த வாரமே முடிஞ்சு போச்சு. மேலதான், ரெண்டாவது மாடி."

அவர் தினமும் எத்தனை பேருக்கு அந்த இடத்துக்கு வழி சொல்கிறார் என்று நினைத்தேன். நினைக்காமலே இருந்திருக்கலாம்.

"கழுவக் கொடுத்திருக்கலாமேம்மா," என்றேன் மெதுவாக. "பாப்பா படமெல்லாம் இருக்கே அதுல."

"இருக்குங்க. கூடவே அந்தக் கடைசிப் படமும் இருக்கே. அவ கண்ணால அவ என்னைப் பாத்தது. அதுல என் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்." அவர் மேஜையைத் தடவினார். "வீட்ல வெச்சா என்னிக்காவது மனசு கேக்காம கொடுத்துடுவேன். வீசவும் முடியாது. அதான் இங்க வெச்சேன். பேர் எழுதாத சீட்டுக் கட்டிட்டா யாரும் வந்து கேக்க மாட்டாங்க. பக்கத்துலயும் இருக்கும், தொடவும் மாட்டேன். இத்தனை பேர் சாமானைத் தேடிக் கொடுத்தவ நான். என் சாமானுக்கு ஒரு பேர் எழுதி வெக்காம விட்டுட்டேன்."

"படம் வெளிய வந்தது எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"ஒரு நர்ஸ் பொண்ணு போனைக் காட்டுச்சு. அம்மா, இதைப் பாருங்க, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குதுன்னுச்சு. பாத்தேன்." முதல் முறையாக அந்தக் குரல் உடைந்தது. "எல்லாரும் அந்த ஓட்டைப்பல்லைப் பாத்துச் சிரிக்கிறாங்க. அந்தப் பல்லு அவளுக்கு முளைக்கவே இல்லைங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வந்துவிட்டது.

"நீங்க டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா, அம்மா கிடைச்சாச்சுன்னு என்னையும் போடுவாங்க. அவ இல்லைன்னு தெரிஞ்சா இன்னும் நிறையப் பேர் பாப்பாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். அந்தக் கடைசிப் படம் ஞாயித்துக்கிழமை வெளிய வரக்கூடாது. ஊர் பாக்கறது இருக்கட்டும். நானே இன்னும் பாக்கல அதை."

அக்கா அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல் துள்ளிக்கொண்டு வந்தது.

"கிடைச்சுட்டாங்களா மேடம்?"

"கிடைச்சாச்சு. அந்தப் பொண்ணு இல்ல டாக்டர். அந்தப் பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. அம்மா இருக்காங்க. கடைசிப் படத்தைக் காட்ட வேண்டாம்கிறாங்க. போட்டதையும் எடுத்துடுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. பிறகு, "ரெண்டு லட்சம் பேர் காத்துட்டு இருக்காங்க மேடம்," என்றது ஒரு பலவீனமான குரல். "அவங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

"உங்ககிட்ட வர்றவங்க எல்லாம் நம்பித்தான் வாயைத் திறந்து காட்டறாங்க. உள்ள பாத்ததை என்னிக்காவது தெருவுல சொல்லியிருக்கீங்களா?"

"ஐயோ, அது எப்படி மேடம்?"

"இதுவும் அதுதான்."

"எடுத்துடறேன்," என்றார் அவர். "ஃபிலிமை நானே கொண்டு வந்து கொடுக்கறேன். ஆனா... நான் எடுத்தாலும் அது நிக்காது மேடம். ஊர் பூராப் போயிடுச்சு. அதை நான் எப்படித் திரும்பக் கூப்பிடுவேன்?" அவர் அழுகிறார் என்று நினைக்கிறேன்.

அக்கா போனை வைத்துவிட்டுக் கவரை மேஜைமேல் வைத்தார். அந்த அம்மா அதைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தோம்."

"எப்படி இருக்கேன்?"

சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் முழங்காலை அழுத்தினார்.

"கோபமாத்தான் இருக்கீங்க," என்றார்.

அந்த அம்மா தலையாட்டினார். தெரிந்த பதில்தான். ஆனாலும் யாரோ தோளில் தட்டி உட்கார வைத்த மாதிரி உடம்பு ஒடுங்கியது.

"பாப்பாவுக்கு ரெண்டு கையும் நல்லா இருந்துச்சாம்மா?"

"நல்லா இருந்துச்சே. ஏன்?"

"நீங்க எடுத்த படமெல்லாம் ஃபிலிம்ல தலைகீழா இருக்கும். கேமராவை நீங்க திருப்பித்தானே பிடிப்பீங்க?"

"ஆமா. அப்படித்தான் பொத்தான் எட்டும்."

"கடைசிப் படமும் தலைகீழாத்தான் இருக்கு."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அவளுக்குத் திருப்பிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லம்மா," என்றார் அக்கா. "ரெண்டு கையும் இருந்த குழந்தை. நேராப் பிடிச்சிருந்தா சுலபமா இருந்திருக்கும். ஆனா கேமரான்னா எப்படிப் பிடிக்கணும்னு அவ பாத்தது உங்களைத்தானே? நீங்க கத்திட்டு ஓடி வரும்போதும் அவ உங்களை மாதிரியேதான் பிடிச்சுட்டு நின்னுருக்கா."

மேஜைமேல் இருந்த அந்த ஒரு கை மெல்ல எழுந்தது. காற்றில் எதையோ பிடித்தது. திருப்பியது. கட்டைவிரல் கீழே போய் மடங்கி, ஒருமுறை அமுக்கியது.

"எட்டியிருக்காதே," என்றார் அந்த அம்மா. "சின்ன விரலுங்க அவளுக்கு." அதற்குப் பிறகு அவர் அழுததை நான் எழுத மாட்டேன். இத்தனை வருஷமாக வராதது எல்லாம் வந்தது. அக்கா எழுந்து போய் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு, திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

கவரை அவர் அங்கே பிரிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றார். பைக்குள் வைக்கப் போனவர் நின்றார். அட்டைச் சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். பேனாவை எடுத்தார். சீட்டு மேஜையில் நழுவி ஓடியது. நான் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். நிதானமாக, குண்டு குண்டு எழுத்தில், அவர் ஒரு பெயர் எழுதினார். அதைக் கவரில் கட்ட, நூலை நான் பிடிக்க, அவர் முடிச்சுப் போட்டார்.

அந்தப் பெயரை நான் படித்தேன். வண்டியில் திரும்பும்போது அக்கா கேட்டார். சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லப் போவதில்லை.